இடது கையின் ராசி

முட்டையை உடைத்து வெளியே வரும் குஞ்சு தாயைத் தேடுவதற்கு முன்னால் என் தம்பியின் இடது கையைத்தான் தேடும் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவன் அந்தக் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் போதும், நாலு தெரு தள்ளியிருக்கிற கோழிகள்கூடக் கூட்டை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடி வரும் என்றும் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் அதிகம்தான். நாலு தெரு இல்லை, ஒரே ஒரு அறை. கோழிகள் இல்லை, முப்பது நாற்பது குஞ்சுகள். ஆனால் இடது கை உண்மை. அதே கையால் அவன் தலை கவிழ்ந்ததும் உண்மை.

தம்பிக்கு ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. பதவியின் பெயரை முழுதாகச் சொல்வதற்குள் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க வேண்டும். சுருக்கினால், முட்டையைக் குஞ்சாக்கிக் கொடுக்கிற வேலை. அதைக் கோழி படிக்காமலே செய்கிறதே, இதற்கு எதற்கு ஒரு ஆளும் அடையாள அட்டையும் என்று அவன் மனைவி இருபத்தாறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவனும் இருபத்தாறு வருடமாக ஒரே பதிலைத்தான் சொல்கிறான். கோழி வெளிச்சத்தில் செய்கிறது. அவன் கும்மிருட்டில் செய்கிறான்.

இருட்டு எதற்கு என்றால், அங்கிருக்கும் பேராசிரியை அம்மாளுக்கு ஒரு கேள்வி இருந்தது. உலகத்தில் எத்தனையோ அசைகிறது. காகிதம் காற்றில் பறக்கிறது, பந்து உருள்கிறது, பூனை பதுங்கிப் பாய்கிறது. இதில் எது உயிருள்ளதன் அசைவு, எது வெறும் சாமானின் அசைவு என்று பிறந்து சில மணி நேரமே ஆன, இதுவரை எதையுமே பார்த்திராத ஒரு குஞ்சுக்குத் தெரியுமா? யாரும் சொல்லித் தராமல், ரத்தத்திலேயே அது வந்திருக்கிறதா?

அதைச் சோதிக்க நீளமான ஒரு மரப்பெட்டி. இரண்டு முனையிலும் இரண்டு திரை. ஒரு திரையில் சிவப்புப் புள்ளி ஒன்று கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஒரே சீராகப் போய்ப் போய் வரும். எதிர்த் திரையில் அதே மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி, தானாகக் கிளம்பும், தயங்கும், நிற்கும், திடீரென்று வேகம் பிடிக்கும். நடுவில் குஞ்சை விட்டால் அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான் சோதனை. ஆனால் அந்தக் குஞ்சு தன் ஆயுளில் முதல் முதலாகப் பார்க்கும் அசைவு அந்தப் புள்ளிகளாகவே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு மின்மினி அளவு வெளிச்சம் அசைந்ததைப் பார்த்திருந்தாலும் போச்சு. பிறவியிலேயே தெரிந்ததா, பார்த்துத் தெரிந்துகொண்டதா என்று பிறகு எந்தக் கொம்பனாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே மொத்த ஆராய்ச்சியும் தம்பியின் இருட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அவனுக்கும் அது நன்றாகத் தெரியும். அதுதான் வினை.

அந்த அறைக்கு இரண்டு கதவு, நடுவில் கறுப்புத் திரை. கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, சாவித் துவாரத்தில் மெழுகு. அடைகாக்கும் பெட்டியில் மினுங்கும் சின்ன விளக்குகளின் மேல் கறுப்பு ஒட்டுநாடாவை இரண்டு சுற்று ஒட்டியிருந்தான். உள்ளே எல்லாமே காதும் கையும்தான். குஞ்சு முட்டை ஓட்டை முதல் கொத்துக் கொத்தும் சத்தம் அரிசிக்குள் கல் கடிபடுகிற மாதிரி இருக்கும் என்பான். ஈரக் குஞ்சு விரலில் ஒட்டும், காய்ந்த குஞ்சு பஞ்சாகப் புசுபுசுக்கும். காய்ந்ததை எடுத்து மூடி போட்ட தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். எந்தப் பெட்டி எத்தனையாவது என்று தெரிய, மூடியின் ஓரத்தில் கத்தியால் வெட்டுக் கொடுத்து வைத்திருந்தான். ஒரு வெட்டு என்றால் ஒன்று, குறுக்கே ஒரு கோடு என்றால் பத்து.

இதில் அவனுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. முதல் கதவைத் தாண்டியதும் கண்ணை இறுக மூடிக்கொள்வான்; வெளியே வந்த பிறகுதான் திறப்பான். திறந்த கண் இருட்டில் சும்மா இருக்காது, இல்லாததை எல்லாம் காட்டும், கை அதை நம்பித் தடுமாறும் என்பது அவன் அனுபவம். கண்ணை மூடிக்கொண்டு சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் இவர்தான் என்று மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவனுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

கதவுக்கு வெளியே ஒரு மரத்தட்டு. உள்ளே போகிறவர்கள் கைபேசி, கைக்கடிகாரம், மோதிரம், சட்டையில் குத்திய ஊசி எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டுப் போக வேண்டும். சட்டம் போட்டவன் தம்பி. கதவில் தன் கையெழுத்திலேயே எழுதி ஒட்டியிருந்தான். பேராசிரியை அம்மாளே ஒரு நாள் மூக்குக் கண்ணாடியோடு உள்ளே வரப் பார்த்தபோது தட்டை நீட்டியவன். அவனை அங்கே எல்லோரும் ‘இருட்டு மந்திரி’ என்றுதான் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால்.

இந்தச் சோதனையைச் செய்துகொண்டிருந்தது ஓர் ஆராய்ச்சி மாணவி. ஒல்லியான பெண், பேச்சு குறைவு, கணக்கு அதிகம். இரண்டு வருட உழைப்பு அவளுக்கு. முதல் தொகுதிக் குஞ்சுகள் பொரித்தபோது அவள் வழக்கமாகப் போட்டு வரும் ஓட்டக் காலணியோடு உள்ளே நுழைந்துவிட்டாள். குதிகாலில் விளக்குப் பட்டால் பளிச்சிடும் ஒரு பட்டை இருக்கிறது. வெளிச்சமே இல்லாத அறையில் அது பளிச்சிடப் போவதில்லை. ஆனாலும் தம்பி அவளை வெளியே கூப்பிட்டு, நாலு பேர் நிற்கும்போது கேட்டான்.

“ஏம்மா, இது குஞ்சு பொரிக்கிற இடமா, கண்ணாடிக் கடையா? அந்த ஷூவோட உள்ள போனா உன் ரெண்டு வருஷமும் வீண். உனக்கே உன் வேலை மேல அக்கறை இல்லேன்னா நான் எதுக்கு இருட்டக் கட்டிக்கிட்டு அழுவணும்?”

அவள் காலணியைக் கழற்றி, கடிகாரமும் மோதிரமும் கிடந்த அந்தத் தட்டிலேயே வைத்துவிட்டு, வெறுங்காலோடு கழிவறைப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அன்று சாயந்திரம் இதை எங்களிடம் சொல்லும்போது தம்பி குரலில் வருத்தம் இருந்ததா என்றால், இல்லை. வெற்றி இருந்தது.

நாலு தொகுதி முடிந்தது. பத்துக் குஞ்சில் ஏழு, தயங்கித் தயங்கி ஓடும் புள்ளியிடம் போயின. நல்ல முடிவுதான், ஆனால் அள்ளிக் கொடுக்கிற முடிவில்லை. அந்தச் சமயத்தில்தான் தம்பியின் மகள் வேலைக்குப் போன கையோடு அப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தாள். கறுப்பு முகம், தோல் வார். மினுக்கும் இல்லை, தளுக்கும் இல்லை. தினமும் சாயந்திரம் அவள் பார்வை முதலில் அவன் மணிக்கட்டுக்குத்தான் போகும். அதனால் தூங்கும் நேரம் தவிர அவன் அதைக் கழற்றுவதே இல்லை.

இருட்டறைக்குப் போகும்போதும் கழற்றவில்லை. பொத்தானை அமுக்கினால் எரிகிற மின்சாரக் கடிகாரமா, சாதா முள் கடிகாரம்தானே என்று நினைத்தான். தட்டு மற்றவர்களுக்கு, இருட்டே தனக்குச் சொந்தம், சொந்தக்காரனுக்கு எதற்குச் சுங்கம் என்று நினைத்தான். இதை அவன் அப்போது நினைக்கக்கூட இல்லை. நினைக்காமலே செய்தான். பிறகுதான், உட்கார்ந்து யோசித்தபோது, தான் அப்படித்தான் நினைத்திருக்கிறோம் என்று கண்டுபிடித்தான்.

ஐந்தாவது தொகுதியிலிருந்து அதிசயம். பத்தில் ஒன்பது குஞ்சு ஒரே பக்கம் ஓடின. ஆறாவதிலும் அப்படியே, ஏழாவதிலும் அப்படியே. வரவரக் கை தேறிவிட்டது என்று மாணவி பேராசிரியையிடம் சொன்னாள். இன்னோர் அதிசயமும் நடந்தது. சோதனை முடிந்த குஞ்சுகளை வெளிச்சமான கூண்டில் விட்டுத் தீனி போடுவதும் தம்பிதான். அவன் கையை உள்ளே விட்டால் குஞ்சுகள் எல்லாம் இடது கைக்கு ஓடி வந்தன. தீனி இருப்பது வலது கையில். கூட்டம் இடது கையில். மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு, கடிகாரத்தைக் கொத்திக்கொண்டு, விரலை எடுத்தால் பின்னாலேயே வந்தன.

“உங்க கையில அப்படி என்னதான் வெச்சிருக்கீங்க?” என்று பேராசிரியை அம்மாள் ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“ராசி மேடம்,” என்றான் இவன். “இருபத்தாறு வருஷ ராசி.”

நான் நாலு தெருக் கதையைக் கட்டிவிட்டது அந்த வாரம்தான்.

மகளுக்குக் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, அரை நாள் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன், குழந்தை தூங்குகிறதா என்று பார்க்க அந்த அறைக்குள் போனான். தடித்த திரையெல்லாம் இழுத்துவிட்டு அறையை இருட்டாக்கி வைத்திருந்தாள் மகள். குழந்தையின் முகத்தில் மட்டும் திரை இடுக்கிலிருந்து மெல்லிய ஒரு கீற்று. இருட்டுக்குள் கால் வைத்ததும் பழக்க தோஷம், கண் தானாக மூடிக்கொண்டது. கையை முன்னால் நீட்டித் தடவிக்கொண்டு வந்தான்.

“அப்பா, அங்கயே நில்லுங்க,” என்றாள் மகள் மெல்ல. “கைய அந்தப் பக்கம் கொண்டு போங்க. இப்ப இந்தப் பக்கம். அம்மா, இங்க வந்து பாரேன். பாப்பா தாத்தா கையவே பாக்குது. எங்க போனாலும் கண்ணு கூடவே போவுது.”

“இந்த இருட்டுல கை எப்படிம்மா தெரியும்?” என்று கேட்டான் தம்பி, கண்ணைத் திறக்காமலே.

“கை எங்க தெரியுது? வாட்சுதான் பச்சைப் பசேல்னு மினுங்குதே.”

கண்ணைத் திறந்தான். தன் மணிக்கட்டில் பன்னிரண்டு பச்சைப் புள்ளிகளும் இரண்டு பச்சை முள்ளும் அந்தரத்தில் மிதப்பதை வாங்கிக் கட்டி ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாகப் பார்த்தான். கையை ஆட்டினான். நிறுத்தினான். சட்டென்று இழுத்தான். பன்னிரண்டு நாள் குழந்தையின் கண் தயங்கி, நின்று, பின்னாலேயே வந்தது.

மனைவி வாசலில் நின்று சிரித்தாள். “ஏங்க, கண்ணத் திறந்து பாத்ததே இல்லியா நீங்க? பூனை கண்ண மூடிக்கிட்டா பூலோகமே இருண்டுடுச்சுன்னு நினைக்குமாம். அந்தக் கதையால்ல இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் இருந்தேன், நானும் சிரித்தேன். அவன் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, விளக்கை அணைத்துவிட்டு, அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுத்தான் அவன் வேலை செய்வான். மடிக்காவிட்டால் முட்டை அடுக்கும் தட்டின் கம்பியில் மாட்டும். அப்படியானால் ஒவ்வொரு குஞ்சையும் தூக்கும்போது அதன் முகத்துக்கு நேரே இந்தப் பச்சை ஒளி கிளம்பியிருக்கிறது, தயங்கியிருக்கிறது, நின்றிருக்கிறது, வேகம் பிடித்திருக்கிறது. தொகுதிக்கு நாற்பது குஞ்சு, மூன்று தொகுதி. நூற்றிருபது குஞ்சும் கண் விழித்துப் பார்த்த முதல் உயிர் அவனுடைய இடது கை. திரையில் எந்தப் புள்ளி உயிருள்ளது போல் ஓடுகிறது என்று அவற்றுக்கு அவனே பாடம் எடுத்து அனுப்பியிருக்கிறான்.

ராசி என்று சொன்னது நினைவுக்கு வந்தபோது அவனுக்குக் காது மடல் வரை சூடேறியது. தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தான். கடிகாரம் மினுங்கியது தெரியாது, சரி. தட்டு இருந்தது தெரியாதா? சட்டத்தை எழுதிய கை எது? வெறுங்காலோடு நடந்துபோன அந்தப் பெண்ணின் முதுகு கண்ணை மூடினாலும் தெரிந்தது, திறந்தாலும் தெரிந்தது.

சனிக்கிழமை வேலைக்குப் போனதும் கடிகாரத்தைக் கழற்றித் தட்டில் வைத்தான். மாணவி பார்த்துவிட்டாள். “என்ன சார், இன்னைக்கு உங்க வாட்சும் தட்டுக்கு வந்துடுச்சு?” என்று விளையாட்டாகக் கேட்டாள். வார் தளர்ந்துவிட்டது என்றான். இருபத்தாறு வருடத்தில் அந்தக் கதவுக்கு முன்னால் அவன் சொன்ன முதல் பொய் அது. நாக்கு அதை வெகு சுலபமாகச் சொல்லிவிட்டது என்பதுதான் அவனைப் பயமுறுத்தியது.

அன்று சாயந்திரமே தேநீர் விருந்து. ஏழு தொகுதியும் முடிந்து கட்டுரை தயாராகிவிட்டது, திங்கட்கிழமை மதியம் அனுப்பப் போகிறார்கள். பேராசிரியை அம்மாள் கேக்கை வெட்டி முதல் துண்டைத் தம்பியிடம் நீட்டினார். இந்த இருட்டு இல்லாவிட்டால் இந்த முடிவு இல்லை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவன் இடது கையைப் பையில் வைத்துக்கொண்டு வலது கையால் வாங்கினான். மாணவி பக்கத்தில் வந்து, கட்டுரைக் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் அவன் பெயரைப் போட்டிருப்பதாகச் சொன்னாள்.

“அன்னைக்கு நீங்க என்னைத் திட்டினப்போ ரொம்ப அழுதேன் சார். ஆனா அதுக்கப்புறம்தான் ஒழுங்கா வேலை பண்ணக் கத்துக்கிட்டேன்.”

வாயிலிருந்த கேக்கைத் தண்ணீர் குடித்து இறக்கினான். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். யாரோ அவன் தோளைத் தட்டி இன்னொரு துண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டான். நின்று, மென்று, தின்றான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் மணிக்கட்டைப் பார்த்து வாட்ச் எங்கேப்பா என்றாள். அவளிடமும் அதே வார்க் கதை. குழந்தையைத் தூக்கக் கொடுத்தபோது, கை சரியில்லை என்று சொல்லி வாங்கிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலையில் தீனி போடப் போனான். ஏழாவது தொகுதிக் குஞ்சுகள் வழக்கம்போல் இடது கைக்கு ஓடி வந்தன. வந்தவை நின்றன. மணிக்கட்டைச் சுற்றின, தலையைச் சாய்த்துப் பார்த்தன. கடிகாரம் இருந்த இடத்தில் வெயில் படாத வெளிறிய ஒரு பட்டை. ஒரு குஞ்சு அதன் மேல் மெல்ல ஒரு கொத்துக் கொத்தியது, கதவைத் தட்டுகிற மாதிரி.

தீனிக் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு நேராகப் பேராசிரியையின் அறைக்குப் போனான். கட்டுரை போக இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. மாணவியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

“விளக்க அணைக்கலாமா மேடம்?” என்று கேட்டான்.

அவர் ஏதோ வேடிக்கை காட்டப் போகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே விளக்கை அணைத்து, திரையையும் இழுத்துவிட்டார். தம்பி பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மேசை மேல் வைத்தான். இரண்டு பெண்களும் அதைப் பார்த்தார்கள். விளக்கம் தேவைப்படவில்லை. படித்தவர்களிடம் ஒரு வசதி, தலையில் விழுந்த கல்லின் எடையை அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

“எந்தத் தொகுதியில இருந்து?” என்று இருட்டிலிருந்து மாணவியின் குரல் வந்தது.

“அஞ்சுல இருந்து. தேதி எழுதி வெச்சிருக்கேன்.”

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“மூணு நாளா.”

குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது கேட்டது. பிறகு அவள் சொன்னாள், கோபமே இல்லாமல். கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“என் ஷூவ மட்டும் பாத்தீங்களே சார்.”

இருட்டு தன் சொந்தம் என்று இருந்தவனுக்கு, அன்று அந்த அறையில் விளக்கைப் போட யாருக்கும் மனம் வராதது மட்டும்தான் உதவி. விளக்கு எரிந்திருந்தால் முகத்தை எங்கே கொண்டு போய் வைத்திருப்பான்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்றான். அதெல்லாம் வேண்டாம், மூன்று தொகுதியையும் மறுபடி பொரித்துக் கொடுங்கள் என்றார் பேராசிரியை அம்மாள். தன்னைச் சோதித்த பிறகே உள்ளே விட வேண்டும் என்று தம்பியே கேட்டுக்கொண்டான். அன்றிலிருந்து இன்றுவரை கதவுக்கு முன்னால் அவன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறான். மாணவி மணிக்கட்டைப் பார்த்து, பையைத் தடவி, திரும்பச் சொல்லிப் பார்த்து, தலையை அசைக்கிறாள். உள்ளே போனதும் கண்ணை மூடுவதில்லை இப்போது. இல்லாததையெல்லாம் கண் காட்டினாலும் காட்டட்டும், இருப்பதைக் காட்டாமல் விட வேண்டாம் என்கிறான்.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. நிஜ இருட்டில் பிறந்த குஞ்சுகளும் தயங்கித் தயங்கி ஓடும் புள்ளியிடம்தான் போயின. பத்தில் ஏழு. ஆக, குஞ்சுக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருக்கிறது. பேராசிரியையின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஒன்பது என்று கை தட்டினார்களே, அதில் மிச்சம் இரண்டு குஞ்சு தம்பியின் கடிகாரம் அனுப்பியவை. புதுக் குஞ்சுகள் அவன் இடது கையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தீனி எந்தக் கையில் இருக்கிறதோ அங்கே போகின்றன, உலக வழக்கப்படி.

கட்டுரை அச்சாகி வந்தது. நன்றி சொல்லும் இடத்தில் பெயர் வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டதால் அங்கே இல்லை. உள்ளே ஓரிடத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘பணியாளர் ஒருவர் அணிந்திருந்த ஒளிரும் பொருள் காரணமாக மூன்று தொகுதிகள் விலக்கப்பட்டன.’ என் தம்பியைப் பற்றி உலகம் அச்சில் எழுதியிருக்கிற ஒரே வரி அது. அந்தப் பக்கத்தை அவன் அலமாரிக்குள், கடிகாரத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறான்.

இவ்வளவையும் எழுதி, நேற்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் வைத்து எல்லோருக்கும் உரக்கப் படித்தேன். நாலு தெருக் கோழிக்கு அவன் மனைவி சிரித்தாள். மகளின் குழந்தை மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். நான் படித்து முடித்து, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவன் கண்ணைத் திறந்தான்.

“எழுதுறதுன்னா சரியா எழுதுக்கா. மூணு நாள் இல்ல. அந்தத் திங்கக்கிழமை குஞ்சு கொத்துச்சு, நான் கையத் துடைச்சுக்கிட்டு வந்துட்டேன். மதியம் கட்டுரை போச்சு, பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அடுத்த திங்கக்கிழமைதான் போய்ச் சொன்னேன். பதினோராவது நாள். தப்பாப் போச்சு, திருப்பிக் குடுங்கன்னு கேட்டு பத்திரிகைக்கு லெட்டர் எழுதினது அந்தப் பொண்ணு.”